மாசமா இருக்கும்போது பல்லையும் ஈறையும் பாத்துக்கறது எப்படி? முதல் மாசத்துல இருந்து குழந்தைக்கு முதல் பல்லு வர்ற வரைக்கும்

போன ஆடி மாசம் ஒரு பொண்ணு வந்துச்சு, ஏழு மாசம், இடது கன்னம் வீங்கி கண்ணு பாதி மூடியிருந்துச்சு, கூட அவங்க அம்மா. வாயைத் தொறக்கவே முடியல, ரெண்டு விரல் கூட உள்ள போகல. எப்ப இருந்தும்மா வலின்னு கேட்டா, "மூணாம் மாசத்துலயே ஆரம்பிச்சது மேடம், எல்லாரும் டெலிவரிக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னாங்க"ன்னு சொல்லுது. அந்த நாலு மாசமும் என்ன பண்ணீங்கன்னு கேட்டப்ப அவங்க அம்மா பையில இருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாங்க, பத்துல ஆறு காலி. மெடிக்கல்ல கேட்டு வாங்கினது. டைக்ளோஃபினாக் கலந்த வலி மாத்திரை. மாசமா இருக்கறவங்க தொடவே கூடாத வகை அது, அதுவும் ஏழாம் மாசத்துல.

அன்னிக்கே ஆஸ்பத்திரில சேர்த்து, சீழை எடுத்து, ஆன்டிபயாடிக் ஏத்தி, தாயும் குழந்தையும் நல்லபடியா தப்பிச்சாங்க. ஆனா மூணாம் மாசத்துல அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்க வேண்டிய ஒரு சொத்தைப் பல்லு அது. நான் தர்மபுரி பக்கம் பல் டாக்டரா இருக்கேன், இதே கதையை வேற வேற முகத்துல திரும்பத் திரும்ப பாக்கறேன், அதனாலதான் உக்காந்து முழுசா எழுதறேன். இதுல எதைப் படிக்காம விட்டாலும் பரவாயில்ல, "டெலிவரிக்கு அப்புறம் பாத்துக்கலாம்"ங்கிற வார்த்தையை மட்டும் நம்பாதீங்க.

முதல்ல ஒரு பயத்தைத் தீர்த்துடறேன்

ஒரு பிள்ளை பெத்தா ஒரு பல்லு போகும், குழந்தை அம்மாவோட பல்லுல இருக்கற கால்சியத்தை உறிஞ்சிடும்னு வீட்டுப் பெரியவங்க சொல்லுவாங்க. அது உண்மை இல்ல. பல்லு ஒரு தடவை உருவாகிட்டா அதுல இருக்கற கால்சியத்தை உடம்பு திரும்ப எடுக்கறதுக்கு வழியே கிடையாது. சாப்பாட்டுல கால்சியம் பத்தலைன்னா உடம்பு எலும்புல இருந்துதான் எடுக்கும். அப்ப ஏன் நிறைய பேருக்கு பிரசவத்துக்கு அப்புறம் பல்லு போச்சுன்னா, அந்த ஒன்பது மாசத்துல வாந்தி, அடிக்கடி சாப்பிடறது, களைப்புல ராத்திரி பிரஷ் பண்ணாம படுக்கறது, ஈறு வீக்கம், டாக்டரைப் பாக்காம தள்ளிப் போட்டது, இது எல்லாம் ஒண்ணா சேர்ந்து வந்ததுதான் காரணம். அதாவது பல்லு போறது விதி இல்ல, தடுக்க முடியும்.

அதுக்காக கால்சியம் மாத்திரையை விட்டுடாதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல 14 வாரத்துக்கு அப்புறம் ஒரு நாளைக்கு ரெண்டு வேளைன்னு 500 மில்லிகிராம் மாத்திரை குடுப்பாங்க, அது உங்க எலும்புக்கும் குழந்தைக்கும் வேணும். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே நேரத்துல போடாம ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்க, சேர்த்துப் போட்டா இரும்புச்சத்து உடம்புல சரியா சேராது.

படி 1: நாள் தள்ளிப் போச்சுன்னு தெரிஞ்ச உடனே ஒரு தடவை வாயைக் காட்டுங்க

கல்யாணம் ஆகி குழந்தைக்கு பிளான் பண்றப்பவே செக்கப் பண்ணிட்டா அது ரொம்ப நல்லது, ஆனா நம்ம ஊர்ல யாரும் அப்படி வர்றதில்ல, அதனால ரெண்டு மூணு மாசத்துக்குள்ளயாவது வந்துடுங்க. வலி இருந்தாதான் வரணும்னு இல்ல. போகும்போது தாய் சேய் நல அட்டையையும், போட்டுட்டு இருக்கற மாத்திரை அட்டைகளையும் கையோட எடுத்துட்டுப் போங்க. கடைசியா மாதவிடாய் வந்த தேதி, பிரஷர் இருக்கா, சுகர் இருக்கா, இதுக்கு முன்னாடி கரு கலைஞ்சிருக்கா, எதுக்காவது அலர்ஜி இருக்கா, இதையெல்லாம் சொல்லுங்க. வயிறு இன்னும் தெரியாத மாசத்துல சொல்லக் கூச்சப்பட்டு சும்மா உக்காந்துட்டு, எக்ஸ்ரே எடுக்கப் போகும்போது சொல்றவங்க இருக்காங்க. உள்ள நுழைஞ்சதும் முதல் வார்த்தையே அதுவா இருக்கட்டும்.

தனியார் கிளினிக் போக வசதி இல்லைன்னா அரசு தலைமை மருத்துவமனைகள்லயும் நிறைய தாலுகா ஆஸ்பத்திரிகள்லயும் பல் பிரிவு இருக்கு, மாசாந்திர செக்கப்புக்கு போற அதே நாள்ல அங்கயும் ஒரு சீட்டு போட்டுக்கலாம். சென்னை, புதுக்கோட்டை, சிதம்பரம் பக்கம் இருக்கறவங்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கு.

படி 2: ஈறுல ரத்தம் வருதா? பிரஷை நிறுத்தாதீங்க

இதுதான் இந்த வழிகாட்டியோட உயிர்நாடி, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

ரெண்டாம் மாசம் மூணாம் மாசம் வாக்குல பல்லு விளக்கும்போது துப்பினா ரத்தமா வரும், ஈறு சிவந்து பளபளன்னு உப்பி இருக்கும், ஆப்பிளைக் கடிச்சா ஆப்பிள்ல செவப்பா படும். மாசமா இருக்கறவங்கள்ல பாதிக்கும் மேல இது வருது, எட்டாம் மாசம் வரைக்கும் கூடிட்டே போகும், பிரசவத்துக்கு அப்புறம் குறையும். காரணம் என்னன்னா, உடம்புல புரோஜெஸ்டிரான், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ரெண்டும் எக்கச்சக்கமா ஏறுது, அதனால ஈறுல ரத்த ஓட்டம் கூடுது, சின்ன ரத்தக் குழாய்கள் எல்லாம் லேசுல கசியற மாதிரி ஆகுது. ஆனா ஹார்மோன் மட்டுமே ஈறை வீங்க வைக்கறதில்ல. பல்லும் ஈறும் சேர்ற இடத்துல வெள்ளையா பிசுபிசுன்னு ஒரு படலம் படியுதே, நகத்தால சுரண்டினா மாவு மாதிரி வருமே, அதுல இருக்கற கிருமிதான் மூல காரணம். முன்னாடி அதே அளவு அழுக்குக்கு சும்மா இருந்த ஈறு, இப்ப ஹார்மோனால பத்து மடங்கு கோவப்படுதுன்னு வெச்சுக்கங்க.

இப்ப பாருங்க என்ன நடக்குதுன்னு. ரத்தத்தைப் பாத்ததும் பயந்து போய் பிரஷை வெச்சிட்டு விரலால லேசா தேய்ச்சிட்டு விட்டுடறாங்க. அழுக்கு இன்னும் சேருது, ஈறு இன்னும் வீங்குது, ரத்தம் இன்னும் கூடுது, அதைப் பாத்து இன்னும் பயம். ரத்தம் வர்ற இடம்தான் அழுக்கு இருக்கற இடம், அங்கதான் மெதுவா, ஆனா கண்டிப்பா விளக்கணும். சாஃப்ட் பிரஷ்ல ஒழுங்கா விளக்கினா ஒரு வாரம் பத்து நாள்ல ரத்தம் குறையறதை நீங்களே பாப்பீங்க. குறையலைன்னா உள்ள காரை கட்டியிருக்குன்னு அர்த்தம், அது கல்லு மாதிரி, பிரஷுக்கு வராது, ஸ்கேலிங் பண்ணித்தான் எடுக்கணும்.

ஸ்கேலிங் பண்ணா பல்லு ஆடும், பல்லுக்கு நடுவுல சந்து விழும்னு ஒரு பேச்சு ஊர் முழுக்க இருக்கு. சந்து ஏற்கனவே அங்க இருந்ததுதான், ஈறு கீழ இறங்கின இடத்தை காரை அடைச்சிட்டு இருந்துச்சு, அதை எடுத்ததும் கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவுதான். மாசமா இருக்கும்போது ஸ்கேலிங் பண்ணிக்கறது பாதுகாப்பானது.

ஈறு நோயை முத்த விட்டா குறைமாசப் பிரசவம், எடை குறைஞ்ச குழந்தைன்னு படிச்சிருப்பீங்க. நேர்மையா சொல்லணும்னா, முத்தின ஈறு நோய் இருக்கறவங்களுக்கு அந்தப் பிரச்சனைகள் கூடுதலா வர்றதா நிறைய ஆராய்ச்சிகள்ல பாத்திருக்காங்க. ஆனா 2006ல அமெரிக்காவுல 823 கர்ப்பிணிகளை வெச்சு நடத்தின ஒரு பெரிய ஆய்வுல, கர்ப்ப காலத்துல ஈறு சிகிச்சை பண்ணதால குறைமாசப் பிரசவம் குறையல, அதே சமயம் சிகிச்சையால தாய்க்கோ குழந்தைக்கோ கெடுதலும் வரல, ஈறு நல்லா ஆச்சு. அதனால குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு ராத்திரி தூக்கம் கெட வேண்டாம், உங்க வாய்க்காக சிகிச்சை எடுத்துக்கங்க, தைரியமா எடுத்துக்கங்க.

சுகர் இருக்கறவங்க மட்டும் இதுல கூடுதல் கவனமா இருக்கணும். 75 கிராம் குளுக்கோஸ் கரைச்சுக் குடிக்க வெச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்கல்ல, அதுல 140க்கு மேல வந்திருந்தா கர்ப்ப கால சுகர்னு சொல்லுவாங்க. சுகர் ஏறினா ஈறு கெடும், ஈறு கெட்டா சுகரைக் கட்டுப்படுத்தறதும் கஷ்டம், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்துட்டுப் போகும்.

படி 3: எப்படி விளக்கறது

காலைல ஒண்ணு, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. ரெண்டுல எதை விட்டாலும் ராத்திரியை விடாதீங்க, தூக்கத்துல எச்சில் குறைவா சுரக்கும், கிருமிக்கு அதுதான் வசதியான நேரம். பிரஷ் சாஃப்ட்டா இருக்கணும், முடியை ஈறும் பல்லும் சேர்ற கோட்டுல சாய்ச்சு வெச்சு சின்ன சின்ன வட்டமா ரெண்டு நிமிஷம், உள் பக்கமும் சேர்த்து. கீழ் முன் பல்லோட உள் பக்கத்தைத்தான் எல்லாரும் மறப்பாங்க, காரை முதல்ல கட்டறதும் அங்கதான்.

பிரஷை வாயில வெச்சாலே குமட்டுதுன்னா குழந்தைங்க பிரஷ் ஒண்ணு வாங்கிக்கங்க, தலை சின்னதா இருக்கும், கடவாய்ப் பல்லுக்குப் போகும்போது நாக்கு அடியைத் தொடாது. தலையைக் குனிஞ்சு வெச்சு, மூக்கால மூச்சு விட்டுட்டே விளக்குங்க. பேஸ்ட் வாசனை ஒத்துக்கலைன்னா காரம் இல்லாத வேற ஃபிளேவருக்கு மாறுங்க, அதுவும் முடியாத நாள்ல வெறும் பிரஷ்ல தண்ணி தொட்டு விளக்கினாலும் அழுக்கு போகும், பேஸ்ட் வாசனை தாங்க முடிஞ்ச நேரத்துல பேஸ்ட் போட்டு இன்னொரு தடவை விளக்கிக்கங்க. காலைல எழுந்ததும்தான் விளக்கணும்னு சட்டம் இல்ல, மசக்கை அடங்கின பதினோரு மணிக்கு விளக்கினாலும் சரிதான்.

பேஸ்ட்ல ஃபுளோரைடு இருக்கணும், அட்டையில பாத்து வாங்குங்க. எங்க தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இதைச் சொன்னா உடனே ஒரு கேள்வி வரும், ஏற்கனவே போர் தண்ணில ஃபுளோரைடு ஜாஸ்தியாகி பல்லெல்லாம் மஞ்சளா பழுப்பா ஆச்சே, அதுக்குத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டு வந்தாங்க, இதுல பேஸ்ட்லயும் ஃபுளோரைடான்னு. நியாயமான கேள்வி. தண்ணி வயித்துக்குள்ள போகுது, பேஸ்ட்டைத் துப்பிடறோம், அதுதான் வித்தியாசம். பட்டாணி அளவு போட்டு விளக்கிட்டு நல்லா துப்பிட்டா அதுல இருந்து உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, பல்லோட மேல் பூச்சுக்கு அது கவசம். குடிக்கறதுக்கு மட்டும் போர் தண்ணியை விட்டுட்டு கூட்டுக் குடிநீரையே பிடிச்சு வெச்சுக்கங்க.

அப்புறம் அந்த ஊக்கு. சாப்பிட்டு முடிச்சதும் தாலிச் சரடுல கோத்திருக்கற ஊக்கைக் கழட்டி பல்லு சந்துல குத்தறதை தினமும் பாக்கறேன். கர்ப்ப கால ஈறு வெண்ணெய் மாதிரி இருக்கும், ஊக்கு முனை பட்டா கிழியும், அந்தக் கிழிசல் வழியா கிருமி உள்ள போகும், சந்தும் பெருசாகும். துடைப்பக் குச்சியும் அதே கதைதான். பல் நூல் வாங்கி, ரெண்டு பல்லுக்கு நடுவுல விட்டு ரம்பம் மாதிரி அறுக்காம மெதுவா மேலயும் கீழயும் இழுங்க, நூல் ஒத்து வரலைன்னா சந்துக்குன்னே வர்ற குட்டி பிரஷ் கிடைக்குது. செங்கல் பொடி, அடுப்புக் கரி, புகையிலை கலந்த பல்பொடி இதெல்லாம் வேண்டவே வேண்டாம். நல்லெண்ணெய் கொப்பளிக்கறது பழக்கம்னா பண்ணுங்க, குமட்டினா விட்டுடுங்க, எதுவா இருந்தாலும் அது பிரஷுக்கு பதில் ஆகாது.

படி 4: வாந்தி எடுத்த அடுத்த நிமிஷம்

வாந்தி எடுத்ததும் வாய் கசப்பு போகணும்னு உடனே பிரஷை எடுத்து நல்லா தேய்க்கறோம். தோணறது இயற்கை, ஆனா பல்லுக்கு அதை விட கெடுதல் இல்ல. வயித்துல இருந்து வர்றது கடுமையான அமிலம், அது பல்லோட மேல் பூச்சான எனாமலை தற்காலிகமா மிருதுவாக்கிடும். அந்த மிருதுவான நிலைல பிரஷ் போட்டு தேய்ச்சா எனாமல் கொஞ்சம் கொஞ்சமா தேய்ஞ்சே போயிடும். மேல் முன் பல்லோட உள் பக்கத்தை நாக்கால தடவிப் பாருங்க, மூணு மாசம் விடாம வாந்தி எடுத்தவங்களுக்கு அங்க வழவழன்னு கண்ணாடி மாதிரி இருக்கும், ஜில்லுனு தண்ணி பட்டா கூசும்.

அதனால இப்படி பண்ணுங்க. அடுப்படியில ஆப்ப சோடா இருக்கும், ஒரு டம்ளர் தண்ணில ஒரு டீஸ்பூன் போட்டுக் கலக்கி, வாந்தி எடுத்ததும் அதை வாயில ஊத்தி நல்லா கொப்பளிச்சு துப்பிடுங்க, முழுங்காதீங்க. சோடா அமிலத்தை முறிச்சிடும். பேக்கிங் பவுடர் வேற, சோடா உப்பு வேற, மாத்திடாதீங்க. பஸ்ல போற இடத்துல சோடா இல்லைன்னா வெறும் தண்ணில நாலஞ்சு தடவை கொப்பளிச்சாலும் போதும். அதுக்கப்புறம் அரை மணி நேரம், முடிஞ்சா ஒரு மணி நேரம் கழிச்சு விளக்குங்க. எங்கிட்ட வர்றவங்களுக்கு ஒரு சின்ன பாட்டில்ல இந்த சோடா தண்ணியைக் கலந்து பாத்ரூம்லயே வெச்சுக்கச் சொல்லுவேன், தினம் புதுசா கலந்துக்கணும், வாந்தி வர்ற அவசரத்துல அடுப்படிக்கு ஓட முடியாதுல்ல.

தண்ணி கூட தங்காம வாந்தி எடுக்கறீங்க, ஒண்ணுக்கு மஞ்சளா கம்மியா போகுதுன்னா அது பல்லு விஷயமே இல்ல, உடனே மகப்பேறு டாக்டரைப் பாருங்க, ட்ரிப்ஸ் தேவைப்படலாம்.

படி 5: ஆசைப்பட்டு சாப்பிடறதும் அடிக்கடி சாப்பிடறதும்

மாசமா இருக்கறவ ஆசைப்பட்டதை சாப்பிடாம இருக்க முடியாது, நானும் அப்படித்தான் இருந்தேன், அதனால இதை சாப்பிடாத அதை சாப்பிடாதன்னு சொல்லப் போறதில்ல. பல்லுக்கு எவ்வளவு இனிப்புங்கறதை விட எத்தனை தடவைங்கறதுதான் முக்கியம். ஒவ்வொரு தடவை இனிப்போ புளிப்போ வாயில போகும்போதும் அரை மணி நேரத்துக்கு பல்லு மேல அமிலத் தாக்குதல் நடக்கும், எச்சில் வந்து அதை சரி பண்ணிட்டு இருக்கும்போதே அடுத்த பிஸ்கட் போனா எச்சிலால என்ன பண்ண முடியும்? அதனால வளைகாப்புக்கு வந்த லட்டு, ஜாங்கிரியை நாள் முழுக்க கிள்ளிக் கிள்ளிப் போடாம சாப்பாட்டோட சேர்த்து சாப்பிட்டு முடிங்க. நடுவுல பசிச்சா வேர்க்கடலை, சுண்டல், வெள்ளரிக்காய், மோர், அவிச்ச முட்டை. மாங்காய், புளி, நெல்லிக்காய் எது சாப்பிட்டாலும் ஒடனே தண்ணி ஊத்தி கொப்பளிங்க, அதுக்கப்புறமும் ஒடனே பிரஷ் வேண்டாம், மேல சொன்ன அதே காரணம்.

ராத்திரி குங்குமப்பூ போட்ட பால். சர்க்கரை போட்டு, படுக்கைல உக்காந்தபடியே குடிச்சிட்டு அப்படியே படுத்துடறது. பாலைக் குடிங்க, குடிச்சு முடிச்சிட்டு அப்புறம் விளக்குங்க, விளக்கினதுக்கப்புறம் தண்ணியைத் தவிர எதுவும் கூடாது. மாமியார் பாலை விளக்கினப்புறம் கொண்டு வந்து குடுத்தா, நாளைல இருந்து ஒரு பத்து நிமிஷம் முன்னாடி குடுங்க அத்தைன்னு சொல்லிடுங்க, காரணம் சொன்னா அவங்களும் கேப்பாங்க.

முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல குடுக்கற ஊட்டச்சத்துப் பெட்டகத்துல பேரீச்சம்பழமும் இரும்புச்சத்து டானிக்கும் இருக்கும். ரெண்டும் அவசியமானது, ரெண்டுக்கும் பல்லு சம்பந்தமா ஒரு குறிப்பு உண்டு. பேரீச்சம்பழம் கடவாய்ப் பல்லு குழியில அப்பிக்கும், சாப்பிட்டதும் கொப்பளிங்க. டானிக் பல்லுல கறுப்பா கறை பிடிக்கும், ஸ்பூனை நாக்குக்குப் பின்னாடி வெச்சு ஊத்தி முழுங்கிட்டு தண்ணி குடிங்க. கறை பிடிச்சிருந்தாலும் பயப்பட ஒண்ணும் இல்ல, மேலோட்டமான கறைதான், க்ளீன் பண்ணா போயிடும், அதுக்காக டானிக்கை நிறுத்தாதீங்க.

இன்னொண்ணு. பச்சரிசியை மென்னுட்டே இருக்கறது, ஃப்ரிட்ஜ்ல இருந்து ஐஸ் கட்டியை எடுத்து கடக் கடக்னு கடிக்கறது, பலப்பம், சாம்பல். இதை யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க, பல்லைப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும், கடவாய்ப் பல்லு தட்டையா தேய்ஞ்சு ஓரம் பெயர்ந்து இருக்கும். இதுல வெக்கப்பட எதுவும் இல்ல, பெரும்பாலும் ரத்தம் கம்மியா இருக்கறதோட அடையாளம் இது. ஹீமோகுளோபின் 11க்கு கீழ இருந்தா ரத்தசோகை, செக் பண்ணி மாத்திரை ஒழுங்கா போட்டா அந்த ஆசையே பல பேருக்கு அடங்கிடுது.

பாக்கு மட்டும் கண்டிப்பா வேண்டாம். ஜீரணத்துக்குன்னு வெத்தலை பாக்கு குடுப்பாங்க, உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு பாக்கை புற்றுநோய் உண்டாக்கற பொருள்னே பட்டியல்ல வெச்சிருக்கு.

படி 6: சிகிச்சைக்கு எந்த மாசம் போகலாம், நாற்காலில என்ன நடக்கும்

தள்ளிப் போடக் கூடிய ஃபில்லிங், ஸ்கேலிங் எல்லாத்துக்கும் நாலாம் மாசத்துல இருந்து ஆறாம் மாசம் வரைக்கும் நல்ல நேரம், மசக்கை அடங்கியிருக்கும், வயிறும் ரொம்ப பெருசா இருக்காது. ஆனா வலி, வீக்கம், சீழ் இருந்தா எந்த மாசமா இருந்தாலும் உடனே போகணும், அதுக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் கிடையாது. ரூட் கேனால் பண்ணலாம், அவசியம்னா பல்லு எடுக்கலாம். பல்லு புடுங்கினா கரு கலைஞ்சிடும்னு சொல்றது பொய். பல்லு வெள்ளையாக்கறது மாதிரி அழகுக்குப் பண்றதை மட்டும் பிரசவத்துக்கு அப்புறம் வெச்சுக்கங்க, புதுசா பாதரசம் கலந்த வெள்ளி ஃபில்லிங்கும் இப்ப வேண்டாம், பல்லு நிறத்துல இருக்கற ஃபில்லிங் கேளுங்க.

மரத்துப் போற ஊசி, லிக்னோகெயின், கர்ப்பிணிகளுக்குப் போடலாம். வலியைப் பல்லைக் கடிச்சிட்டு தாங்கறதை விட ஊசி போட்டுக்கறது உங்களுக்கும் குழந்தைக்கும் நல்லது.

எக்ஸ்ரேன்னதும் பாதி பேர் எழுந்து போயிடறாங்க. ஒரே ஒரு பல்லுக்கு எடுக்கற சின்ன எக்ஸ்ரேல வர்ற கதிர்வீச்சு சுமார் 5 மைக்ரோசீவர்ட், நாம சும்மா வீட்டுல இருந்தாலே மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட அவ்வளவு வாங்கறோம். அதுவும் கதிர் உங்க தாடைப் பக்கம்தான் போகுது, வயித்துக்கு இல்ல. ஈயக் கவசம் போட்டு எடுப்பாங்க, போடலைன்னா நீங்களே கேளுங்க. தேவை இல்லாம எடுக்க வேண்டாம், தேவைன்னு டாக்டர் சொன்னா மறுக்க வேண்டாம்.

அஞ்சு மாசம் தாண்டினவங்க நாற்காலில மல்லாந்து நேரா படுக்கக் கூடாது. கர்ப்பப்பை முதுகுப் பக்கம் இருக்கற பெரிய ரத்தக் குழாயை அமுக்கும், தலை சுத்தும், வேர்க்கும், மயக்கம் வர்ற மாதிரி இருக்கும். வலது இடுப்புக்கு அடியில ஒரு சின்ன தலகாணியோ சுருட்டின துண்டோ வெச்சு இடது பக்கமா லேசா சாஞ்சு படுங்க. வீட்டுல இருந்தே ஒரு துண்டு எடுத்துட்டுப் போயிடுங்க. வெறும் வயித்தோட போகாதீங்க, அடிக்கடி பாத்ரூம் போகணும்னா தயங்காம கையைத் தூக்குங்க, எந்த டாக்டரும் கோச்சுக்க மாட்டாங்க.

படி 7: மெடிக்கல்ல மாத்திரை கேட்டு வாங்காதீங்க

இதுக்குத்தான் முதல்ல அந்தப் பொண்ணு கதையைச் சொன்னேன். பல்வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்கன்னு கேட்டா கடைக்காரர் கைக்கு வர்றது பெரும்பாலும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், கீட்டோரோலாக், அசிக்ளோஃபினாக் இதுல ஒண்ணு. 20 வாரத்துக்கு அப்புறம் இந்த வகை மாத்திரை குழந்தையோட சிறுநீரகத்தைப் பாதிச்சு பனிக்குட நீரைக் குறைச்சிடலாம். ஏழாம் மாசத்துக்கு மேல போட்டா குழந்தையோட இதயத்துக்குப் பக்கத்துல, பிறந்தப்புறம் மூட வேண்டிய ஒரு ரத்தக் குழாய் வயித்துக்குள்ளயே மூட ஆரம்பிச்சிடலாம். 20 வாரத்துக்கு முன்னாடியும் டாக்டர் சொல்லாம இதை எடுக்காதீங்க. அட்டைல பாராசிட்டமால்னு எழுதியிருந்தாலும் கூட வேற ஏதாவது கலந்திருக்கான்னு திருப்பிப் பாருங்க, கலவை மாத்திரை நிறைய வருது.

வலிக்கு தனி பாராசிட்டமால் போடலாம், அளவையும் எத்தனை நாள்னும் டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. ஆன்டிபயாடிக்ல அமாக்சிசிலின் மாதிரி கர்ப்பத்துல குடுக்கக் கூடியது இருக்கு, அதையும் டாக்டர்தான் எழுதணும். டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் கூடவே கூடாது. வயித்துக்குள்ள நாலாம் மாசத்துல இருந்தே குழந்தையோட பால் பல்லு சுண்ணாம்பு ஏறி கெட்டியாக ஆரம்பிக்குது, அந்த மருந்து அதுல படிஞ்சு பல்லு நிரந்தரமா மஞ்சள் சாம்பல் நிறமா முளைக்கும்.

டாக்டர்கிட்ட போற வரைக்கும் வீட்டுல என்ன பண்ணலாம்னா, வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணில அரை ஸ்பூன் கல்லுப்பு போட்டு கொப்பளிக்கலாம், கன்னத்துக்கு வெளிய துணில ஐஸ் சுத்தி வெக்கலாம். கிராம்பு எண்ணெயை பஞ்சுல நனைச்சு அப்படியே அமுக்கினா ஈறு வெந்து போகும். மாத்திரையைப் பொடி பண்ணி பல்லு மேல வெக்கறது, கற்பூரம், புகையிலை வெக்கறது, எல்லாமே புண்ணாக்கிடும். அந்த மாதிரி வெந்து வெள்ளையான ஈறோட நிறைய பேர் வந்திருக்காங்க, பல்வலியோட எரிச்சலும் சேர்ந்து.

ஈறுல செவப்பா ஒரு கட்டி வந்தா

சில பேருக்கு நாலு அஞ்சு மாசத்துக்கு மேல ரெண்டு பல்லுக்கு நடுவுல, பெரும்பாலும் மேல் முன் பல்லு பக்கம், செர்ரி பழம் மாதிரி செவப்பா ஒரு கட்டி வளரும். தொட்டாலே ரத்தம் வரும், வலி இருக்காது. கூகுள்ல தேடிப் பாத்து அழுதுட்டே வருவாங்க. இது புற்றுநோய் இல்ல, ஹார்மோனும் அழுக்கும் சேர்ந்து உண்டாக்கற சதை வளர்ச்சி. அந்த இடத்தை சுத்தமா வெச்சா பிரசவத்துக்கு அப்புறம் பெரும்பாலும் தானா சுருங்கிடும். சாப்பிட முடியாம கடிபட்டு ரத்தம் கொட்டினா மட்டும் முன்னாடியே எடுப்பாங்க. கிள்ளிப் பாக்காதீங்க, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டி இதுதான்னு உறுதி பண்ணிக்கங்க. கடைசி மாசங்கள்ல பல்லு லேசா ஆடற மாதிரி தோணறதும் சில பேருக்கு உண்டு, பல்லைப் பிடிச்சிருக்கற நார் கொஞ்சம் தளர்றதால வர்றது, ஈறு நல்லா இருந்தா பிரசவத்துக்கு அப்புறம் இறுகிடும்.

எப்ப நேரம் பாக்காம ஓடணும்

கன்னமோ தாடையோ வீங்கி காய்ச்சலும் இருந்தா, வாய் தொறக்க முடியலைன்னா, எச்சில் முழுங்கக் கஷ்டமா இருந்தா, வீக்கம் கழுத்துக்கு இறங்கினா, கண்ணு பக்கம் ஏறினா, மூச்சு விடக் கஷ்டமா இருந்தா. ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் 108 கூப்பிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. பல்லு சீழ் கழுத்துக்குள்ள இறங்கினா மூச்சுக்குழாயை அமுக்கிடும், விடியட்டும்னு காத்திருக்கக் கூடாத விஷயம் இது.

படி 8: பிரசவத்துக்கு அப்புறம்

ஆஸ்பத்திரிக்குக் கட்டி வெக்கற பையில குழந்தைத் துணி, ஃபிளாஸ்க், பழைய சேலை எல்லாம் இருக்கும், அம்மாவோட பிரஷ் இருக்காது. இப்பவே ஒண்ணு எடுத்து போட்டுடுங்க. பிரசவ லேகியம் கருப்பட்டி, நெய் போட்டு பல்லுல ஒட்டற மாதிரி இருக்கும், சாப்பிட்டதும் வெந்நீர்ல கொப்பளிங்க. பச்சத் தண்ணி வாயில படக் கூடாதுன்னு வீட்டுல சொன்னா வெதுவெதுப்பான தண்ணில விளக்குங்க, அதுல சண்டை போட வேண்டியதில்ல, விளக்கறதுதான் முக்கியம். ராத்திரி பால் குடுக்க எழும்போது பசிக்கும், பிஸ்கட்டுக்கு பதிலா ரெண்டு பாதாம் இல்ல வேர்க்கடலையை பக்கத்துல வெச்சுக்கங்க.

ஒரு மாசம் ஒன்றரை மாசம் கழிச்சு, குழந்தைக்கு ஊசி போடப் போற நாளோட சேர்த்து நீங்களும் ஒரு தடவை வாயைக் காட்டிட்டு வாங்க. தள்ளி வெச்ச ஃபில்லிங் எல்லாம் இப்ப முடிச்சிடலாம், மரத்துப் போற ஊசி போட்டாலும் தாய்ப்பால் குடுக்கலாம், அதை நிறுத்தி வெக்கத் தேவையில்ல.

குழந்தை பொறக்கும்போது அது வாயில சொத்தை உண்டாக்கற கிருமி கிடையாது, பெரும்பாலும் அம்மா வாயில இருந்துதான் போகுது. சோறு சூடு பாக்க நம்ம வாயில வெச்ச அதே ஸ்பூனை குழந்தைக்கு வெக்கறது, கீழ விழுந்த சூப்பானை நம்ம வாயில சப்பி சுத்தம் பண்ணி குடுக்கறது, மென்னு ஊட்டறது, இதெல்லாம் பாசத்துல பண்றதுதான், ஆனா கிருமியும் அதோட போகும். சூட்டைக் கையில தொட்டுப் பாருங்க, ஸ்பூன் தனியா வெச்சுக்கங்க. உங்க சொத்தையை அடைச்சுட்டா குழந்தைக்குப் போற கிருமியும் குறையும். பால் குடிச்சு முடிச்சதும் சுத்தமான ஈரத் துணியை விரல்ல சுத்தி ஈறைத் துடைச்சு விடுங்க. ஆறு மாசம் வாக்குல கீழ முன்னாடி அரிசி மாதிரி ஒரு வெள்ளை முனை தட்டுப்படும், அன்னிக்கே அதுக்குன்னு ஒரு குட்டி பிரஷ் வாங்கிடுங்க, அரிசி அளவு பேஸ்ட் போதும், ஒரு வயசுக்குள்ள ஒரு தடவை தூக்கிட்டு வந்து எங்ககிட்ட காட்டுங்க.